நாட்பட்ட நோயும் குழந்தைக் கதைகளும்

நோயுற்ற குழந்தைக்கு மருந்து வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. அக்குழந்தைக்குக் கதையும் வேண்டும் என்று ஒரு திட்டக் குறிப்பில் எழுதினால், நிதிப் பிரிவிலிருந்து கோப்பு ஒரு கேள்விக்குறியுடன் திரும்பி வரும். அந்தக் கேள்விக்குறிக்கு விடை கூறும் முயற்சியே இக்கட்டுரை. பொருளாதாரம் பயின்ற ஒருவர் குழந்தை இலக்கியத்தைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் மனிதவளத்தில் செய்யப்படும் முதலீடு எங்கே கசிகிறது என்று தேடிச் செல்பவர், சில வேளைகளில் பள்ளி நூலக அலமாரியின் முன்னால் போய் நிற்க நேரிடுகிறது.

நாட்பட்ட நோய் என்று இங்கே நாம் குறிப்பது சில நாள் காய்ச்சலையோ அம்மையையோ அன்று. முதல் வகை நீரிழிவு, அரிவாள் செல் இரத்தசோகை, தலசீமியா, ஹீமோபிலியா, காக்காய் வலிப்பு, ஆஸ்த்மா, மூட்டுக் காய்ச்சலால் வரும் இதயக் கோளாறு முதலியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றில் பல, குழந்தையுடன் சேர்ந்தே வளர்பவை. அக்குழந்தை பள்ளிக்குச் செல்கிறது, தேர்வு எழுதுகிறது, நண்பர்களுடன் சண்டையிடுகிறது. இவற்றினூடே ஊசியும் மாத்திரையும் மருத்துவமனை வரிசையும் அதன் வாழ்க்கையில் இடம் பெறுகின்றன. நோய் முடிவதில்லை, குழந்தைப் பருவம்தான் முடிகிறது.

மருத்துவம் தந்த புதிய குழந்தை

இத்தகைய குழந்தைகள் பெருந்தொகையினராக வளர்ந்து ஆளாவது வரலாற்றில் அண்மைக்கால நிகழ்ச்சியே. 1922ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள் கனடா நாட்டின் டொரான்டோ நகரில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்கு முன்னர் முதல் வகை நீரிழிவு கண்ட குழந்தை ஓரிரு ஆண்டுகளில் இறந்துபோவதே இயல்பாக இருந்தது. தாம்சன் அதன் பின்னர் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். இன்சுலின் அவனைக் குணப்படுத்தவில்லை. நோயுடன் வாழும் ஆண்டுகளை அவனுக்கு அளித்தது. பிற நோய்களிலும் இதுவே நடந்தது. பென்சிலின் வந்த பிறகு மூட்டுக் காய்ச்சல் கண்ட குழந்தைகளுக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஊசி போட்டு, நோய் மீண்டும் வந்து இதய வால்வுகளைக் கெடுக்காமல் பல்லாண்டுகள் காக்க முடிந்தது.

நமது பகுதிக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு அரிவாள் செல் இரத்தசோகை. இந்நோயில் சிவப்பணுக்கள் வட்ட வடிவத்தை இழந்து அரிவாள் போல் வளைகின்றன. நுண்ணிய இரத்தக் குழாய்களில் அவை அடைத்துக்கொள்ளும்போது கை, கால், வயிறு ஆகியவற்றில் கடும் வலி எழுகிறது. 1910இல் அமெரிக்க மருத்துவர் ஹெரிக் இதனை முதன்முதலில் விவரித்தார். இந்தியாவில் இவ்வணுக்கள் உள்ளமை 1952இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடையே நடந்த ஆய்வின் வாயிலாகத் தெரிய வந்தது. லேமன், கட்புஷ் என்னும் இருவர் அதனை வெளியிட்டனர். கேரளத்தில் வயநாடும், பாலக்காடு மாவட்டத்தின் வடபகுதியாகிய அட்டப்பாடியும் இந்நோய் மிகுந்த இடங்களாகும். 2023ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் மத்தியப் பிரதேசத்தின் ஷாடோல் நகரில் இந்நோய் ஒழிப்புக்கான தேசிய இயக்கம் தொடங்கப்பட்டது. 17 மாநிலங்களில் 40 வயது வரையுள்ள 7 கோடி மக்களைச் சோதிப்பதும், 2047க்குள் நோயை ஒழிப்பதும் அதன் குறிக்கோள்கள்.

இச்சோதனையின் பயனாக, தமக்கு நோய் உண்டு என்பதை எட்டு வயதிலோ பத்து வயதிலோ அறியும் குழந்தைகளின் எண்ணிக்கை கூடும். அறிந்த பின் அக்குழந்தை என்ன செய்யும்? சோதனை அட்டையைத் தருகிறோம். ஃபோலிக் அமிலமும் ஹைட்ராக்ஸியூரியாவும் தருகிறோம். "நான் இனி யார்?" என்ற கேள்விக்கு நம்மிடம் எந்த அட்டையும் இல்லை. பண்டைக் காலந்தொட்டுக் குழந்தைகள் அக்கேள்விக்கு விடை தேடிய இடம் கதை. அங்கே இப்போது என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

இரண்டே முடிவுகள்

உலகக் குழந்தை இலக்கியத்தின் புகழ்பெற்ற நூல்களில் நோயுற்ற குழந்தைக்குப் பஞ்சமில்லை. 1872இல் அமெரிக்காவில் சூசன் கூலிட்ஜ் எழுதிய கேட்டியின் கதையில், பெரியம்மா போன்ற அத்தையின் சொல்லை மீறி ஊஞ்சலாடிய சிறுமி விழுந்து முதுகெலும்பில் அடிபடுகிறாள். நான்கு ஆண்டுகள் படுக்கையில் கிடந்து பொறுமையும் பண்பும் கற்ற பின் எழுந்து நடக்கிறாள். 1880, 1881 ஆகிய ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் யோஹன்னா ஸ்பைரி இரு பகுதிகளாக வெளியிட்ட ஹைடியின் கதையில், சக்கர நாற்காலியில் வாழும் கிளாரா ஆல்ப்ஸ் மலைக் காற்றாலும் ஆட்டுப் பாலாலும் வலுவடைகிறாள். பொறாமை கொண்ட ஓர் ஆட்டிடையச் சிறுவன் அந்த நாற்காலியை மலைச்சரிவில் தள்ளிவிட, அவள் நடக்கக் கற்கிறாள். 1911இல் பிரான்சஸ் ஹாட்சன் பர்னட் எழுதிய இரகசியத் தோட்டம் இந்தியாவிலேயே தொடங்குகிறது. காலராவில் பெற்றோரை இழந்து இங்கிலாந்து செல்லும் மேரி, அங்கே பெரிய மாளிகையின் ஓர் அறைக்குள் நோயாளி என்று வளர்க்கப்படும் கோலினைக் காண்கிறாள். தோட்டம் தளிர்க்கிறது, கோலின் எழுந்து ஓடுகிறான்.

இவை குணமடையும் கதைகள். மறுபுறம் இறக்கும் குழந்தைகள் இருக்கின்றனர். லூயிசா ஆல்காட் 1868, 1869 ஆண்டுகளில் எழுதிய நான்கு சகோதரிகளின் கதையில், செங்காய்ச்சல் பெத் என்னும் மென்மையான பெண்ணின் உடலை அரித்து, பின்னர் உயிரைக் கொண்டுபோகிறது. டிக்கன்ஸ் 1843இல் படைத்த சின்ன டிம் இறந்துவிடுவான் என்று அஞ்ச வைக்கப்படுகிறான்; கருமியின் மனம் திருந்தியதால் பிழைக்கிறான். அக்குழந்தையின் உடல்நலம் இன்னொருவருடைய மனமாற்றத்திற்கு அளவுகோலாகிவிட்டது.

இந்நூல்களின் சிறப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவை எழுதப்பட்ட காலத்தில் மருத்துவத்திடம் வேறு விடை இருக்கவில்லை. நெடுநாள் நோயுற்ற குழந்தை பெரும்பாலும் பிழைத்தது அல்லது இறந்தது. கதையும் அவ்வாறே முடிந்தது. வருந்தத்தக்கது யாதெனில், மருத்துவம் மாறி நூறாண்டுகள் கடந்த பின்னரும் நமது கதைகள் அந்த இரு முடிவுகளையே பிடித்துக்கொண்டிருப்பதுதான். அவற்றுள் ஓர் உட்கருத்தும் ஒளிந்திருக்கிறது. கேட்டி கீழ்ப்படியாததால் விழுந்தாள்; நல்லவளானதும் நடந்தாள். அப்படியானால் நடக்க முடியாதவள் இன்னும் நல்லவளாகவில்லையா? பத்து வயதுக் குழந்தை இக்கேள்வியை வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் உள்ளத்தில் கேட்டுக்கொள்கிறது.

சாளரத்தருகே அமல்

நம் நாட்டில் இப்பொருள் குறித்து எழுந்த மிகச் சிறந்த படைப்பு இரவீந்திரநாத் தாகூரின் 'தாக் கர்' என்னும் நாடகம். 1912இல் வெளிவந்த இந்நூல் அஞ்சல் நிலையம் என்ற பொருளுடையது. மாதவன் என்பவரின் வளர்ப்பு மகனாகிய அமலுக்கு ஏதோ ஒரு நோய். அதன் பெயரைத் தாகூர் கூறவில்லை. வெயிலும் காற்றும் படலாகாது என்று வைத்தியர் அவனை வீட்டுக்குள் அடைத்துவிடுகிறார். சாளரத்தருகே அமர்ந்த அமல், தெருவில் செல்லும் தயிர்க்காரர், காவலாளி, பூப்பறிக்கும் சிறுமி சுதா, விளையாடும் சிறுவர்கள் அனைவரையும் அழைத்துப் பேசுகிறான். எதிரே அரசரின் அஞ்சல் நிலையம் திறக்கப்படுகிறது; தனக்கும் ஒரு கடிதம் வரும் என்று காத்திருக்கிறான். இறுதியில் அரசரின் வைத்தியர் வந்து அடைத்த கதவுகளையெல்லாம் திறக்கச் செய்கிறார். அமல் உறங்குகிறான். அது மரணம் என்று நாம் அறிகிறோம்.

மேற்கூறிய இரு முடிவுகளில் ஒன்றுதான் இங்கும் உள்ளது. ஆயினும் நாடகத்தின் பெரும்பகுதி நோயைப் பற்றியதன்று என்பதைக் கவனிக்க வேண்டும். அமல் ஒவ்வொருவரிடமும் அவரவர் தொழிலைப் பற்றிக் கேட்கிறான். தயிர் விற்பவர் எப்படிக் கூவுகிறார், அவருடைய ஊர் எப்படி இருக்கும், காவலாளியின் மணி எதற்காக ஒலிக்கிறது என்றெல்லாம் அறிய விரும்புகிறான். தயிர்க்காரர், தயிர் விற்பதிலும் மகிழ்ச்சி உண்டென்பதை அவனிடமிருந்து கற்றுச் செல்கிறார். ஒரு கிராமத்தின் தொழில்களைப் பற்றிய கணக்கெடுப்பைப் படுக்கையிலிருந்தே செய்து முடித்த சிறுவன் அவன் என்று நமது துறையினர் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். நோயாளிக் குழந்தையின் ஆவல் நோயின் மீதன்று, உலகின் மீது என்று தாகூர் கண்டார். இன்றைய எழுத்தாளர்கள் பலர் இன்னும் அதனைக் காணவில்லை.

இந்நாடகம் 1942 ஜூலை 18ஆம் நாள் போலந்தின் வார்சா நகரில், யூதர்கள் அடைக்கப்பட்டிருந்த பகுதியில் இயங்கிய அனாதை இல்லத்தில் நடிக்கப்பட்டது. இல்லத்தின் தலைவர் யானுஷ் கோர்சாக் ஒரு குழந்தை மருத்துவர், எழுத்தாளருங்கூட. அடுத்த மாதமே அவரும் அக்குழந்தைகளும் திரெப்ளிங்கா கொலைக்களத்திற்குக் கொண்டு செல்லப்பட்டனர். பசியாலும் நோயாலும் வாடிய குழந்தைகளுக்கு மருத்துவரான ஒருவர் கடைசியாகத் தேர்ந்தெடுத்துத் தந்தது ஒரு கதை என்பதை, கோப்பில் கேள்விக்குறியிடும் நண்பர்கள் நினைவில் கொள்வார்களாக.

இருபத்தொரு நாள் கணக்கு

இவ்விடத்தில் இக்கட்டுரையாளர் தம் அனுபவம் ஒன்றைக் கூற வாசகர்கள் இசைவார்கள் என நம்புகிறார்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் உள்ள பெருமாட்டி, தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் ஊர். பொள்ளாச்சிச் சந்தையும் பாலக்காட்டு ஆட்சியர் அலுவலகமும் இரண்டுமே அதற்குச் சொந்தம். அங்கே தமிழ் வழியில் பயின்ற இக்கட்டுரையாளருக்கு 1981இல், பதினோராம் வயதில், தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து முழங்கால் மூட்டுகள் வீங்கின. மூட்டுக் காய்ச்சல் என்றார் மருத்துவர். இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட வேண்டும், பெரியவனாகும்வரை நிறுத்தக் கூடாது என்றும் கூறினார். தாயார் நாட்காட்டித் தாள்களில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்தார். ஊசி போட்ட மறுநாள் வகுப்பில் நேராக உட்கார முடியாது. அந்த வலி அத்தகையது.

வலியைவிடப் பெரிய தொல்லை வேறொன்று. இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை எங்கே போகிறாய் என்ற கேள்விக்கு விடை இருக்கவில்லை. காய்ச்சல் இல்லை; நொண்டவில்லை; பார்வைக்கு நோயாளியாக இல்லை. பள்ளியின் மர அலமாரியில் இருந்த கதைப் புத்தகங்களில் நோயுற்ற பிள்ளைகள் சிலர் இருந்தனர். ஒருவன் மூலிகையால் பிழைத்தான். இன்னொருவன் தாயின் மடியில் இறந்தான். ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் கணக்குத் தேர்வு எழுதியவன் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆகவே மாமா வீட்டிற்குப் போனேன் என்ற பொய் வழக்கமாயிற்று.

1982ஆம் ஆண்டு மாசி மாதத்தில் சித்தூர் பகவதி கோயிலின் கொங்கன்படை விழா நாளும் சிவப்பு வட்டமிட்ட நாளும் ஒன்றாக வந்தன. நண்பர்களுடன் விழாவிற்குச் செல்வதாக முன்பே ஒப்புக்கொண்டாகிவிட்டது. காரணத்தைச் சொல்ல வெட்கம். ஊசி போட்டாகிவிட்டது என்று தாயாரிடம் ஒரு பொய். பிறகு அந்தப் பொய்யைக் காப்பாற்ற அடுத்த ஊசிக்கும் ஒரு பொய். கோடை விடுமுறைக்கு முன்னரே காய்ச்சல் மீண்டது. இதயத்தின் ஒரு வால்வு அப்போது பழுதுபட்டது. அதற்கான மாத்திரைகள் இன்றும் தொடர்கின்றன. மருந்து கிடைத்தது, இலவசமாகவே கிடைத்தது. ஊசி போட வேண்டியவன் ஒளிந்துகொண்டதனால் அது பயன்படவில்லை. மருந்து வினியோகத்தில் இத்தகைய கசிவை எந்தத் தணிக்கையும் எழுதுவதில்லை.

ஒரு நல்ல கதைப் புத்தகம் இருந்திருந்தால் அவ்வாறு நேர்ந்திராது என்று உறுதியாகக் கூற இயலாது. ஒளிந்துகொள்வது அவ்வளவு எளிதாக இருந்திராது என்று மட்டும் கூறலாம்.

மூன்றாம் வகைக் கதை

நோயுடன் வாழும் குழந்தையை மூன்றாவது பாதையில் நடத்திச் செல்லும் நூல்கள் கடந்த சில பத்தாண்டுகளில் தோன்றியுள்ளன. 1986இல் அமெரிக்காவில் ஆன் மார்ட்டின் எழுதிய சிறுமியர் தொடரின் மூன்றாம் நூலில், ஸ்டேசி என்ற பெண்ணுக்கு முதல் வகை நீரிழிவு. இன்சுலினும் உணவுக் கட்டுப்பாடும் அவளுக்குப் பழகிவிட்டன. பெற்றோர்தாம் அதிசயச் சிகிச்சை தேடி மருத்துவர் விட்டு மருத்துவராக அலைகின்றனர். குழந்தையே முன்வந்து, தனக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவரின் உதவியுடன் நல்ல மருத்துவரை ஏற்பாடு செய்து, பெற்றோரின் அலைச்சலுக்கு முடிவு கட்டுகிறாள். குணமடையும் பழைய கதை இங்கே பெற்றோரின் கனவாகச் சுருங்கிவிட்டது. குழந்தை அதிலிருந்து வெளியே வந்துவிட்டது. இலக்கிய நயத்தில் இது உயர்ந்த நூல் என்று கூற முடியாது. ஆனால் கூற வேண்டியதைக் கூறிவிடுகிறது.

இந்தியாவில் 2016இல் வெளிவந்த ஜைனப் சுலைமானின் 'சிம்ப்ளி நஞ்சு' என்ற ஆங்கில நாவல் நம் கவனத்திற்குரியது. பெங்களூரில் உடற்குறையுள்ள குழந்தைகளும் பயிலும் பள்ளி ஒன்றில் நஞ்சு படிக்கிறான். பிறவியிலேயே வந்த கோளாறினால் அவனுடைய நடை வேறுபட்டது. வேறு சங்கடங்களும் உண்டு. கதையின் சிக்கல் அதுவன்று. வகுப்பின் முதல் மாணவியுடைய நோட்டுப் புத்தகங்கள் களவு போகின்றன; நஞ்சுவின்மீது பழி விழுகிறது. திருடன் யார் என்பதே கதை. உடற்கோளாறு மழைக்காலத்தைப் போல் கதை முழுவதும் உடனிருக்கிறது. அதற்காகக் கதை நிற்பதில்லை. குழந்தைகள் புத்தகத்தைக் கீழே வைக்காமல் படிப்பது திருடனைக் கண்டுபிடிப்பதற்காகத்தான். நஞ்சுவுடன் பழகிவிட்டோம் என்பது அவர்களுக்குப் பின்னர்தான் தெரியும்.

தமிழ் வாசகர்களுக்கு நன்கு அறிமுகமான நூல் ஜப்பானியப் பெண்மணி தெத்சுகோ குரோயனாகியின் 'டோட்டோ-சான்'. 1981இல் வெளிவந்த இந்நூலை நேஷனல் புக் டிரஸ்ட் தமிழிலும் தந்துள்ளது. இது கற்பனைக் கதையன்று, ஆசிரியையின் இளமை நினைவுகள். ஆயினும் குழந்தைகள் அதனைக் கதையாகவே படிக்கின்றனர். இளம்பிள்ளை வாதம் தாக்கிய தோழனை டோட்டோ-சான் ஏணி வைத்து, வியர்வை சொட்டச் சொட்ட இழுத்து, மரத்தின்மேல் ஏற்றி உட்கார வைக்கும் பகுதியை மறந்தவர் இலர். ஆனால் அதிகாரிகள் இன்னொரு பகுதியை இருமுறை படிக்க வேண்டும். அப்பள்ளியில் உயரம் வளராத ஒரு சிறுவன் இருக்கிறான். தலைமையாசிரியர் கோபயாஷி விளையாட்டு விழாவிற்கு வகுத்த போட்டிகள் விந்தையானவை. துணி மீனின் வாய்க்குள் நுழைந்து வால் வழியே வெளிவர வேண்டும். தாழ்வான படிகளில் ஏறி இறங்க வேண்டும். குட்டைக் கால்களே இவற்றுக்கு ஏற்றவை. அச்சிறுவன் எல்லாவற்றிலும் முதலாவதாக வருகிறான். பரிசாகக் காய்கறிகள் தரப்படுகின்றன. பிள்ளைகள் அவற்றை வீட்டிற்கு எடுத்துச் செல்கின்றனர். உனக்காகவே இதைச் செய்தேன் என்று தலைமையாசிரியர் ஓரிடத்திலும் கூறவில்லை. விதிகளை வகுப்பவர் எவ்வளவு செய்ய இயலும் என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் நிர்வாகப் பயிற்சி நூல்களில் கிடைப்பது அரிது.

சந்தை ஏன் இவற்றைத் தருவதில்லை

பொருளாதார மாணவர்கள் இக்கேள்வியை எளிதில் விடுவிப்பார்கள். நாட்பட்ட நோயுள்ள குழந்தைகள் நாடெங்கும் சிதறிக் கிடக்கின்றனர்; ஒரு பள்ளியில் ஒருவர், இருவர். அவர்களுடைய பெற்றோரின் வருமானத்தில் பெரும்பகுதி போக்குவரத்துக்கும் மருந்துக்கும் போய்விடுகிறது. கதைப் புத்தகம் வாங்க எஞ்சுவது குறைவு. நோயில்லாத குழந்தையின் பெற்றோர் இத்தகைய நூலைத் தாமாகத் தேடி வாங்குவதில்லை. ஆனால் நூலின் பயன் பெரிதும் அக்குழந்தை வழியாகவே வர வேண்டும். பக்கத்து இருக்கைக்காரன் கேலி செய்யாமலிருந்தால்தான் நோயுள்ளவன் ஒளிந்துகொள்ள மாட்டான். வாங்குபவர் ஒருவர், பயனடைபவர் வேறொருவர் என்னும் நிலையில் சந்தை விலை உண்மைப் பயனைக் காட்டாது. ஆகவே பதிப்பாளர் அச்சிடத் தயங்குகிறார். அவரைக் குறை கூறிப் பயனில்லை.

இந்த இடைவெளியை நிரப்பும் நிறுவனங்கள் நம்மிடம் உண்டு. நேஷனல் புக் டிரஸ்ட் 1957இல் நிறுவப்பட்டது. அதன் நேரு பால புஸ்தகாலய வரிசை பல இந்திய மொழிகளில் ஒரே நூலைக் குறைந்த விலையில் தருகிறது. அதே 1957இல் கேரளத்தவரான கேலிச்சித்திரக்காரர் சங்கர் டில்லியில் சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்டை நிறுவினார். கேரள அரசின் பால சாகித்ய நிறுவனம் 1981இல் தோன்றியது. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை 2022இல் ஊஞ்சல், தேன்சிட்டு ஆகிய இதழ்களை மாணவர்களுக்காகத் தொடங்கியது. அச்சகமும் வினியோக வழியும் ஆயத்தமாக உள்ளன. இல்லாதது கையெழுத்துப் படி.

அது வரும்போதும் ஓர் இடையூறு உண்டு. நூல் தேர்வுக் குழு ஒன்றில் இக்கட்டுரையாளர் உறுப்பினராக அமர்ந்திருந்தபோது, வலிப்பு நோயுள்ள சிறுமியைப் பற்றிய கதை ஒன்று வந்தது. நன்றாக எழுதப்பட்ட கதை. "கடைசியில் குணமாகவில்லையே, கதை முடியவில்லையே" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கூறினார், அது ஒதுக்கப்பட்டது. அவர் கெட்ட எண்ணம் உடையவரல்லர். இரண்டு முடிவுகள் மட்டுமே கொண்ட கதைகளைப் படித்து வளர்ந்தவர். நம்மில் பலரும் அப்படியே.

சட்டம் முன்னே, கதை பின்னே

சட்டமும் நிர்வாகமும் இத்துறையில் இலக்கியத்தை முந்திவிட்டன என்றே கூற வேண்டும். 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டும் ஏற்றிருந்தது. 2016ஆம் ஆண்டின் சட்டம் அவற்றை 21 ஆக விரித்து, ஹீமோபிலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய், நாட்பட்ட நரம்பு நோய்கள் ஆகியவற்றையும் சேர்த்தது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம், பிறந்தது முதல் 18 வயது வரையுள்ளோரைப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் சோதிக்க வகை செய்தது. 2017இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், முதல் வகை நீரிழிவுள்ள மாணவர்கள் பொதுத்தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரை, பழம், சிற்றுண்டி கொண்டு செல்ல அனுமதித்தது. ஒரு சுற்றறிக்கையின் சில வரிகள்தாம்; ஆனால் தேர்வு நடுவே சர்க்கரை குறைந்து கை நடுங்கும் பிள்ளைக்கு அவற்றின் மதிப்பு தெரியும். கேரளச் சமூகப் பாதுகாப்பு இயக்கம், நீரிழிவுள்ள குழந்தைகளுக்கு இன்சுலினும் கருவிகளும் தரும் தனது திட்டத்திற்கு 'மிட்டாயி' என்று பெயரிட்டது. இனிப்பை விலக்கச் சொல்லிச் சொல்லி அலுத்த குழந்தைக்கு அரசே மிட்டாய் தருகிறது! அப்பெயரை வைத்த அலுவலருக்குக் கதை எழுதத் தெரியும் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

சுற்றறிக்கையால் ஆகாததும் உண்டு. அரிவாள் செல் நோயுள்ள குழந்தை அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும். உடலில் நீர் குறைந்தால் வலி தொடங்கும். நிறையக் குடித்தால் வகுப்பு நடுவே வெளியே செல்ல வேண்டியிருக்கும். இடைவேளையில் மட்டுமே எழ வேண்டும் என்ற விதி உள்ள வகுப்பில், கேலிக்கு அஞ்சிய குழந்தை எழுந்து செல்வதைத் தவிர்க்கத் தண்ணீரையே தவிர்த்துவிடுகிறது. இதனை ஆணையாக எழுதினால் ஆசிரியர் கையொப்பமிட்டுக் கோப்பில் வைப்பார். கதையாக எழுதினால் நாற்பது பிள்ளைகள் அறிவார்கள். பெருமாட்டி ஊராட்சிக்கு உட்பட்ட பிளாச்சிமடை, 2000இல் திறந்த குளிர்பானத் தொழிற்சாலைக்கு எதிராக 2002இல் போராட்டம் தொடங்கி, 2004இல் அது மூடப்பட்டதன் வாயிலாகத் தண்ணீர் உரிமையை உலகுக்கு எடுத்துரைத்த இடம். ஒரு மாணவியின் தண்ணீர்ப் புட்டியைப் பற்றிய கதையை எழுதுவதற்கு இதைவிடத் தக்க ஊர் வேண்டுமோ?

எல்லைப்புறத்தில் மொழிச் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. மருத்துவமனை அட்டை மலையாளத்தில் இருக்கிறது. மருந்தின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கிறது. வலியை அம்மாவிடம் சொல்வது தமிழில். தன் நோயைத் தன் சொற்களில் மருத்துவரிடமும் நண்பனிடமும் கூறத் தெரிந்த குழந்தைதான் ஊசி நாளை ஒளிக்காமலிருக்கும். சென்னையில் எழுதப்படும் நூலோ திருவனந்தபுரத்தில் எழுதப்படும் நூலோ இதனை முழுமையாகச் செய்ய இயலாது. அந்தந்தப் பகுதி ஆசிரியர்களும் செவிலியரும் உடனிருந்து எழுத வேண்டும். கையெழுத்துப் படியை நிபுணர் குழுவுக்கு அனுப்புமுன், அந்நோயுள்ள ஒரு குழந்தைக்குப் படித்துக் காட்டிவிட வேண்டும். அக்குழந்தை "நான் இப்படி நினைக்கமாட்டேன்" என்று கூறும் இடங்களைத் திருத்திய பின்னரே நிபுணர்கள் பார்க்கலாம்.

அண்மையில் விடுமுறைக்குச் சென்றிருந்தபோது, பெருமாட்டிப் பகுதியில் தமிழ் வழி வகுப்பு நடத்தும் சில ஆசிரியர்களுடன் இதுபற்றிப் பேச வாய்த்தது. கதை ஒன்றை நாமே தொடங்கிப் பார்ப்போம் என்றனர். இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொள்ளும் சிறுவன். கொங்கன்படை விழாவும் ஊசி நாளும் ஒன்றாக வருகின்றன. நண்பர்கள் தெருமுனையில் காத்திருக்கிறார்கள். அதுவரை எழுதினோம். அவன் என்ன செய்வான் என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது. ஊசியைத் தேர்ந்தெடுத்தால் நீதிக் கதையாகிவிடும் என்றார் ஒருவர். விழாவைத் தேர்ந்தெடுத்தால் தவறான வழிகாட்டலாகும் என்றார் இன்னொருவர். பள்ளிக்குச் சோதனைக்காக வந்திருந்த செவிலியர் கதவருகே நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதிலென்ன சார் சிரமம்? ஊசியை ரெண்டு நாள் முன்னாடியே போட்டுக்கலாமே. அந்தப் பையன் வந்து கேட்டால் போதும்" என்றார்.

1982இல் இதனை எவரும் கூறவில்லை. எவரிடமும் கேட்கப்படவில்லை என்பதே அதற்குக் காரணம். ஆசிரியர்கள் அந்த வரியை அப்படியே கதையில் எழுதிக்கொண்டனர்.